கணினி பொய் சொல்லாது

2024 ஜனவரி முதல் வாரம். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் சோம்பலில் கிடந்த எங்கள் வாட்ஸ்அப் குழு திடீரென்று கொதிக்கத் தொடங்கியது. இருபது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஒன்றாக முதுகலை படித்தவர்கள் நாங்கள். இப்போது லண்டன், டொராண்டோ, சிட்னி, சென்னை என்று சிதறிக் கிடக்கிறோம். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஐ.டி. ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்’ என்ற நாடகத்தை ஐ.டி.வி. நான்கு இரவுகளாக ஒளிபரப்பி முடித்திருந்தது. தபாலகக் கவுன்டர் நடத்திய சாதாரண மனிதர்களை, அவர்களுடைய கணக்கு மென்பொருள் திருடர்களாகக் காட்டிய கதை. கற்பனையல்ல, நடந்தது.

குழுவில் இரண்டு கட்சிகள் உருவாகின. ஒரு கட்சி ஹொரைசன் என்ற அந்த மென்பொருளை எழுதியவர்களைத் திட்டியது. “இவ்வளவு மோசமான கோடா? டெஸ்டிங் என்று ஒன்று இருந்ததா?” இன்னொரு கட்சி மேலாளர்களைத் திட்டியது. நடுவில் ஒருவன், “எங்கள் ப்ராஜெக்ட்டில் இதெல்லாம் நடக்கவே நடக்காது” என்று கட்டை விரலை உயர்த்தினான். எனக்கு எரிச்சல் வந்தது அவன் மேல்தான். பிழை இல்லாத மென்பொருளை நான் இதுவரை பார்த்ததில்லை. அவனும் பார்த்திருக்க மாட்டான். பிழை இருந்தது என்பது இந்தக் கதையின் சாதாரணமான பகுதி. ஒரு கணினியில் இருந்த பிழைக்காக மனிதர்கள் எப்படிச் சிறைக்குப் போனார்கள் என்பதுதான் சொல்லப்பட வேண்டிய பகுதி. அது 1999இல் தொடங்கவில்லை. அதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால், ஒரு சட்டத்தின் உட்பிரிவில் தொடங்குகிறது.

1984இல் இங்கிலாந்தில் காவல்துறை மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டம் வந்தது. அதன் 69ஆம் பிரிவு கணினியைப் பற்றியது. கணினி அச்சிட்டுத் தந்த ஒரு தாளைக் குற்ற வழக்கில் ஆதாரமாகக் காட்ட வேண்டுமானால், அந்தக் கணினி உரிய காலம் முழுக்க ஒழுங்காக இயங்கியது என்று அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும். அந்தக் காலத்தில் கணினி என்பது வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் குளிரூட்டப்பட்ட அறைக்குள் இருந்த ஒரு விஷயம். சட்டம் எழுதியவர்களுக்கு அதன் மேல் சந்தேகம் இருந்தது. நல்ல சந்தேகம் என்பேன்.

ஆனால் சட்டத்தில் இருந்த சந்தேகம் நீதிமன்றத்தில் வெகு சீக்கிரம் சடங்காகிவிட்டது. 1992இல் பிரபுக்கள் சபைக்கு வந்த ஷெப்பர்ட் வழக்கைப் பாருங்கள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையில் பொருள் திருடியதாக ஒரு பெண் மேல் குற்றச்சாட்டு. கல்லாக்களின் காகிதச் சுருள்களை எல்லாம் புரட்டிப் பார்த்த கடையின் பாதுகாப்பு ஊழியர், அந்தப் பொருட்களுக்குப் பணம் கட்டிய பதிவே இல்லை என்றார். அவருக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும்? நிபுணர் வேண்டாம், அந்த இயந்திரம் வழக்கமாக எப்படி வேலை செய்கிறது என்று பழக்கத்தில் தெரிந்த ஒருவர் சொன்னால் போதும் என்று தீர்ப்பு வந்தது. 1997இல் இன்னொரு வழக்கு. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரைச் சோதித்த மூச்சுக் கருவியின் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தப்பாக ஓடியிருக்கிறது. கடிகாரம் தப்பு என்றால் கருவியே ஒழுங்காக இயங்கவில்லை என்றுதானே ஆகிறது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். மூச்சில் இருந்த மதுவின் அளவுக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமில்லை என்றார்கள் நீதிபதிகள். அந்த வழக்கில் அவர்கள் சொன்னது சரிதான் என்றே எனக்கும் படுகிறது.

இப்படி ஒரு பக்கம் சடங்காகவும், மறுபக்கம் குற்றவாளிகள் தப்பிக்கும் ஓட்டையாகவும் 69ஆம் பிரிவு பார்க்கப்பட்டது. 1990களின் நடுவில் சட்ட ஆணையம் எல்லோரிடமும் கருத்துக் கேட்டது. போஸ்ட் ஆபீஸும் கருத்துச் சொன்னது: இந்தப் பிரிவு மிகக் கடுமையானது, வழக்கு நடத்தத் தடையாக இருக்கிறது, இயந்திரம் ஒழுங்காக இயங்குகிறது என்றே அனுமானிக்க வேண்டும். இது 1995இல். அப்போது ஹொரைசன் பிறக்கவே இல்லை. ஆகவே இதில் சதி எதையும் தேட வேண்டாம். தன்னிடம் வேலை செய்பவர்கள் மேல் தானே குற்ற வழக்குத் தொடுக்கும் வழக்கமுள்ள ஒரு பழைய நிறுவனம், தன் வேலை எளிதாக வேண்டும் என்று கேட்டது, அவ்வளவுதான். எனக்கு அச்சமூட்டுவதே அந்தச் சாதாரணம்தான்.

1997இல் சட்ட ஆணையம் அறிக்கை தந்தது: பிரிவை நீக்கிவிடலாம். அதற்கு ஆணையம் சொன்ன காரணம்தான் என் தொழிலைத் தொடுகிறது. கணினிப் பிழைகளில் பெரும்பாலானவை உடனே கண்ணில் பட்டுவிடும், அல்லது தரவைத் தப்பாக உள்ளிட்டதால் வந்தவையாக இருக்கும் என்றார்கள். பிரிவு போனால் அந்த இடத்தில் பழைய பொதுச் சட்ட அனுமானம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இயந்திரம் ஒழுங்காக இருந்தது என்று எடுத்துக்கொள். இல்லை என்பவன் அதற்கான ஆதாரத்தைக் காட்டட்டும். போக்குவரத்து விளக்குகளுக்கும் வேகமானிகளுக்கும் கடிகாரங்களுக்கும் வளர்ந்த விதி அது.

கடிகாரம் நின்றால் தெரியும். சிக்னல் பழுதானால் தெருவே கூச்சல் போடும். ஒரு பெரிய கணக்கு மென்பொருளோ, லட்சம் தடவை சரியாகக் கூட்டிவிட்டு, குறிப்பிட்ட ஒரு கிளையில், இணைப்பு அறுந்த ஒரு நொடியில், யாரோ ஒரு பொத்தானை இரண்டு முறை அழுத்தியபோது மட்டும் தப்பாகக் கூட்டும். திரை அதே நிறத்தில்தான் இருக்கும். எண்கள் அதே அழகோடு வரிசையில் நிற்கும். இது 1997இல் எந்த ப்ரோக்ராமருக்கும் தெரிந்த உண்மை. ஆனால் அதை உரக்கச் சொல்லி அந்தச் சட்டத்தைத் தடுக்க எங்கள் தொழில் திரண்டு எழவில்லை. அந்த வருடங்களில் எல்லோரும் ஒய்2கே பிழையைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். கணினிகள் தப்பு செய்யும் என்று உலகமே பயந்து கோடிகோடியாகச் செலவழித்த அதே 1999இல், 69ஆம் பிரிவை நீக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒரு சின்ன விலகல். அதே 2000ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலாகி, சாட்சியச் சட்டத்தில் 65பி என்ற பிரிவைச் சேர்த்தது. கணினி ஒழுங்காக இயங்கியது என்ற நிபந்தனை, அதற்கு ஒரு சான்றிதழ் என்று எல்லாம் அதில் உண்டு. அதன் மாதிரி, இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டு உரிமையியல் சாட்சியச் சட்டத்தின் ஒரு பிரிவு. அந்தப் பிரிவை இங்கிலாந்து 1995லேயே தூக்கிப் போட்டிருந்தது. வெள்ளைக்காரன் கழற்றிப் போட்ட சட்டையை நாம் இன்னும் மாட்டிக்கொண்டு திரிகிறோம் என்று சென்னையில் என் வழக்கறிஞர் நண்பர்கள் சிரிப்பார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. சான்றிதழ் ஒரு சடங்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சடங்கு என்றாலும் யாரோ ஒருவர் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் அந்தச் சட்டையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஹொரைசனுக்கு வருவோம். 1996இல் அதற்கு ஒப்பந்தம் போட்டபோது நோக்கமே வேறு. ஓய்வூதியமும் அரசு உதவித்தொகையும் வாங்குபவர்களுக்கு ஒரு காந்தப்பட்டை அட்டை கொடுத்து, தபாலகங்களில் அதைத் தேய்த்துப் பணம் தருவது. சமூகப் பாதுகாப்புத் துறையும் போஸ்ட் ஆபீஸும் சேர்ந்து எடுத்த திட்டம். செய்து தர வேண்டியது, ஃபுஜிட்சுவின் கையில் இருந்த ஐ.சி.எல். நிறுவனம். தாமதம், சண்டை, மேலும் தாமதம். 1999 மே மாதம் அட்டைத் திட்டம் கைவிடப்பட்டது. செலவழித்த பணத்துக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமே? மிஞ்சியதை வைத்து, ஆயிரக்கணக்கான தபாலகக் கவுன்டர்களின் தினசரிக் கணக்கை நடத்தும் அமைப்பாக மாற்றினார்கள். பாதியில் நின்றுபோன கல்யாண மண்டபத்தை மருத்துவமனையாக்கியது போல. இதைப் போன்ற இரண்டு திட்டங்களில் நானே இருந்திருக்கிறேன். அங்கே யாரும் கெட்டவர்களாக இருந்ததில்லை. எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள்.

சப்-போஸ்ட்மாஸ்டர் என்பவர் அரசு ஊழியர் அல்ல. சொந்தச் சேமிப்பைப் போட்டு ஒரு கடையை வாங்கி, அதன் ஒரு மூலையில் தபாலகக் கவுன்டர் நடத்துபவர். கணக்கில் குறைந்தால் அவர்தான் கட்ட வேண்டும் என்று போஸ்ட் ஆபீஸ் சொல்லும். ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற சிறு கிராமத்தில் ஜோ ஹாமில்டன் கடை வைத்திருந்தார். ஒரு நாள் கணக்கில் சுமார் 2,000 பவுண்டு குறைந்தது. உதவி எண்ணை அழைத்தார். அவர்கள் சொன்னபடியே ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். அவர் கண்ணெதிரே 2,000 என்பது 4,000 ஆயிற்று. பிரிட்லிங்டனில் லீ காசில்டன், 2004இன் ஆரம்ப மாதங்களில் அதே உதவி எண்ணை 91 முறை அழைத்தார். கடைசியில் போஸ்ட் ஆபீஸ் அவர் மேல் சுமார் 25,000 பவுண்டுக்கு உரிமையியல் வழக்குப் போட்டது. வழக்கறிஞர் வைக்கக் காசில்லாமல் தானே வாதாடினார். தோற்றார். எதிர்த்தரப்பின் செலவு 321,000 பவுண்டும் அவர் தலையில் விழுந்தது. திவாலானார்.

தொழில்நுட்பமாக என்ன நடந்திருக்கும் என்பதற்கு, பின்னால் வெளிவந்த ஒரு பிழையைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊர், 2015. தலைமைக் கவுன்டரிலிருந்து நடமாடும் கிளைக்கு 8,000 பவுண்டு ரொக்கம் போகிறது. வந்து சேர்ந்ததைப் பதிவு செய்ய ஊழியர் என்டர் பொத்தானை அழுத்துகிறார். திரை மாறவில்லை. யாராக இருந்தாலும் என்ன செய்வோம்? மறுபடி அழுத்துவோம். திரை அசையவில்லையே தவிர, ஒவ்வொரு அழுத்தலையும் உள்ளே பதிந்துகொண்டிருந்தது. நான்கு முறை 8,000. கையில் 8,000 இருக்க, கணக்கில் 32,000. பற்றாக்குறை 24,000 பவுண்டு. தேடிப் பார்த்தபோது முந்தைய ஐந்து வருடங்களில் இது 112 முறை நடந்திருந்தது தெரிந்தது. ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் இரண்டாவதைப் புறக்கணிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அரிச்சுவடியில் தப்பு செய்யாத ஆளும் எங்கள் தொழிலில் கிடையாது.

இங்கே நான் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படிப்பு முடிந்து கிடைத்த என் முதல் வேலை, ஒரு நிறுவனத்தின் சப்போர்ட் பிரிவில். கிடங்குகளுக்கான சரக்குக் கணக்கு மென்பொருள் அது. வரும் புகார்களை டிக்கெட்டாகப் பதிந்து, காரணம் கண்டுபிடித்து, ஒரு குறியீடு போட்டு மூட வேண்டும். வாரத்துக்கு எத்தனை மூடினோம் என்பது சுவரில் ஒட்டப்படும். மூடுவதற்கு ஆக எளிதான குறியீடு ‘யூசர் எர்ரர்’. ஒரு கிடங்கிலிருந்து இரவுப் பணியில் இருந்த ஒரு பெண் மூன்று முறை அழைத்தார். எடுத்துப் போன சரக்கு கணக்கில் இரட்டிப்பாகக் காட்டுகிறது, பெட்டிகள் குறைவதற்குத் தன்னைக் கேட்கிறார்கள் என்றார். நிதானமான, வடக்கு இங்கிலாந்துப் பேச்சு. “நான் இருமுறை ஸ்கேன் செய்யவில்லை, அன்பே” என்றார். அங்கே எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள். நான் பயிற்சிக் கையேட்டின் பக்க எண்ணைச் சொல்லி மூன்று டிக்கெட்டுகளையும் மூடினேன். அடுத்த வருட அக்டோபரில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் அந்த ஞாயிறு அதிகாலையில், வேறு மூன்று கிடங்குகளிலிருந்து அதே புகார் வந்தது. இரவு ஒன்று முதல் இரண்டு வரையிலான மணி அன்று இரண்டு முறை வருகிறது. எங்கள் நிரல் அந்த ஒரு மணி நேரப் பதிவுகளை இரண்டு முறை எடுத்துக்கொண்டிருந்தது. பிழையைத் திருத்தினோம், பாராட்டு மின்னஞ்சல்கூட வந்தது. பழைய டிக்கெட்டுகளைத் தேடி எடுத்தேன். தேதி பொருந்தியது. அந்தக் கிடங்குக்கு அழைத்தபோது, அவர் அங்கே வேலையில் இல்லை என்றார்கள். ஏன் என்று கேட்கத் துணிவு வரவில்லை. டிக்கெட்டின் குறியீட்டையும் மாற்றவில்லை. மூடிய டிக்கெட்டைத் திறந்தால் சுவரில் இருக்கும் எண் குறையும்.

அதனால்தான் சீமா மிஸ்ராவின் வழக்கை என்னால் வேகமாகப் படித்துக் கடக்க முடியவில்லை. சர்ரேயில் வெஸ்ட் பைஃப்ளீட்டில் கடை நடத்தியவர். 74,000 பவுண்டுக்கு மேல் திருடியதாகக் குற்றச்சாட்டு. 2010 அக்டோபரில் கில்ட்ஃபர்ட் கிரௌன் நீதிமன்றத்தில் விசாரணை. இந்த வழக்கில் ஹொரைசன் சரியா தப்பா என்பதே கேள்வியாக இருந்தது. அவர் தரப்பு நிபுணர் ஒருவரையும் வைத்திருந்தது. ஆனால் நிபுணர் பார்க்க வேண்டிய பதிவுகளும் பிழைப் பட்டியல்களும் மறுதரப்பின் பூட்டிய அலமாரியில் இருந்தன. கேட்டுக் கேட்டுப் பார்த்தும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அனுமானம் என்ற சட்டச் சொல்லின் நடைமுறை அர்த்தம் இதுதான்: பழுது இருக்கிறது என்று நீ காட்டு, காட்டுவதற்கு வேண்டியது என் அலமாரியில் இருக்கிறது, அலமாரியைத் திறக்க வேண்டுமானால் பழுது இருக்கிறது என்று முதலில் காட்டு.

அதே நாட்களில் ஹொரைசனில் இன்னொரு பிழை பிடிபட்டிருந்தது. 60க்கும் மேற்பட்ட கிளைகளில் வரவும் செலவும் பொருந்தவில்லை. போஸ்ட் ஆபீஸும் ஃபுஜிட்சுவும் கூடிப் பேசிய குறிப்பு ஒன்று இருக்கிறது. இது வெளியே தெரிந்தால் அமைப்பின் மேல் நம்பிக்கை போகும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். தீர்வாக யோசித்த வழிகளில் ஒன்று, கிளையின் கணக்கில் ஃபுஜிட்சு நேரடியாகக் கை வைத்து எண்ணை மாற்றுவது. அப்படி வெளியிலிருந்து மாற்றவே முடியாது என்று அதற்குப் பிறகும் பல வருடங்கள் சாதித்தார்கள். அந்தக் குறிப்பு, சீமா மிஸ்ராவின் விசாரணை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே போஸ்ட் ஆபீஸின் சட்டப் பிரிவுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஜூரிக்கு யாரும் சொல்லவில்லை. 2010 நவம்பர் 11 அன்று அவருக்குப் பதினைந்து மாதச் சிறை. அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். அவர் அப்போது எட்டு வாரக் கர்ப்பிணி.

இப்படி 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 236 பேர் சிறை போனார்கள். பலர், ஜோ ஹாமில்டனைப் போல, திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதற்கு ஈடாகப் பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டவர்கள். உதவி எண்ணில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் உண்டு: உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை. 2009 மே மாதம் ‘கம்ப்யூட்டர் வீக்லி’ ஏழு பேரின் கதையை ஒரே கட்டுரையில் வெளியிட்டபோதுதான் அந்த வாக்கியம் முதலில் உடைந்தது. அந்த இதழ் எங்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தது. நான் பார்த்திருக்க வேண்டும். பார்த்த நினைவு இல்லை.

பிறகு நடந்தவை நாடகத்தின் புண்ணியத்தில் பலருக்கும் தெரியும். லாண்டுட்னோவில் கவுன்டரை இழந்த ஆலன் பேட்ஸ் ஆட்களைத் திரட்டினார். 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேஸர் தீர்ப்பளித்தார். ஹொரைசன் நம்பகமானது என்று போஸ்ட் ஆபீஸ் சாதித்ததை, பூமி தட்டை என்று இந்த நூற்றாண்டில் சொல்வதோடு ஒப்பிட்டார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. நாடகத்துக்குப் பிறகு, 2024 மே மாதம், நாடாளுமன்றமே சட்டம் போட்டு மீதித் தண்டனைகளைத் துடைத்தது. குறைந்தது 13 தற்கொலைகளுக்கு இதில் தொடர்பிருக்கலாம் என்று 2025 ஜூலையில் பொது விசாரணையின் முதல் அறிக்கை சொன்னது.

எங்கள் தெரு முனையில் ஒரு பத்திரிகைக் கடை இருக்கிறது. நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதை நெருங்குகிறார். நாடகம் ஓடிய வாரம் பால் வாங்கப் போனேன்.

“அண்ணை, பார்த்தீங்களா?”

“பார்த்தனான். என்னையும் போஸ்ட் ஆபீஸ் கவுன்டர் ஒண்டு எடுக்கச் சொல்லிச் சொன்னவங்கள், தம்பி. இடம் காணாதெண்டு விட்டிட்டன்.”

கல்லாவுக்குக் கீழே இருந்து ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு நாளும் கடை மூடுமுன் கையால் எழுதிய வரவு செலவு. ஊரில் அவருடைய ஐயா கடை வைத்திருந்தபோது பழக்கியதாம். மேசையில் பார்கோடு இயந்திரமும் அட்டை இயந்திரமும் இருக்கின்றன. “மெஷின் சொல்லுறதை மெஷின் சொல்லட்டும். நான் எழுதுறதை நான் எழுதுறன்” என்றார். ஹொரைசன் வழக்கொன்றில் இப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். திருடன் தானே எழுதிக்கொண்ட கணக்கு என்றிருப்பார்கள்.

அந்த அனுமானம் இன்னும் இருக்கிறது. 69ஆம் பிரிவு போன இடத்தில் வேறெதுவும் வரவில்லை. 2025 ஜனவரியில்தான் நீதி அமைச்சகம் இதைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. குறுஞ்செய்திகளும் மூச்சுச் சோதனைக் கருவிகளும் மாட்டிக்கொள்ளாமல் எங்கே கோடு போடுவது என்ற கவலை அந்த ஆவணத்திலும் இருந்தது. முப்பது வருடம் கழித்தும் அதே கருவி. எங்கள் குழுவில் அதன் இணைப்பைப் போட்டேன். அந்த வாரம் எல்லோரும் ஒரு புதிய செயற்கை நுண்ணறிவு மாடல் எந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்கியது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டை விரல் நண்பன் மட்டும், “லாக் சுத்தமாக இருந்தால் எதற்குப் பயம்?” என்று கேட்டான். காப்பீட்டுக் கோரிக்கைகளில் மோசடியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றை இப்போது அவன் விற்றுக்கொண்டிருக்கிறான்.

கடைசித் தேதி ஏப்ரல் 15. அதற்கு முந்தின ஞாயிறு இரவு உட்கார்ந்து பதில் எழுதினேன். அனுமானத்தை நீக்க வேண்டும் என்பதற்கான வாதங்களை எழுத அதிக நேரம் ஆகவில்லை. அவற்றை என்னைவிடத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன்: ஒரு கிடங்கு, இரவுப் பணியில் ஒரு பெண், மூன்று டிக்கெட்டுகள், நான் போட்ட குறியீடு, அக்டோபரில் இரண்டு முறை வந்த ஒரு மணி நேரம். அவர் பெயரை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். முடியவில்லை. பெயரில்லாமலே அனுப்பினேன்.